வாசலுக்கு வாசல் எத்தனை நேரம்?

இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால், இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லி விடுகிறோம். பிரயாணம் எவ்வளவு நேரம் என்று கேட்டால், விமானச் சீட்டில் கண்ட மணிக் கணக்கைப் படித்துக் காட்டுகிறோம். இரண்டும் சரியான விடைகள்தாம். ஆயினும் முழுமையான விடைகள் ஆகமாட்டா. ஊர் பார்க்கப் போகிறவருக்கு இந்தக் குறையினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பத்திற்கோ, அந்தக் குறை என்றாவது ஒரு நாள் ஆறாத துயரமாக வந்து நிற்கும். ஆகையால் இன்று நாம், தொலைவில் உள்ள இரு நகரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடையே உள்ள தூரத்தையும் விமானம் பறக்கும் நேரத்தையும் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். ஒன்று பெங்களூர், மற்றொன்று அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ.

பெங்களூர் என்று சொன்னாலும், பெரிய நகரம் முழுவதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கண்டோன்மெண்ட் பகுதியிலே, பிரேஸர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றுக்கு அண்டையில் ரிச்சர்ட்ஸ் டவுன் என்று ஒரு பேட்டை உண்டு. நிழல் தரும் மரங்களும், ஒரு பூங்காவும், பழைய ஓட்டு வீடுகளில் எஞ்சிய சிலவும், அவற்றின் இடையே எழும்பிய அடுக்கு மாடிகளும் கொண்ட அமைதியான இடம் அது. தமிழ்க் குடும்பங்கள் பல அந்தச் சுற்று வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள ஒரு வீட்டு வாசலைத்தான் நமது பிரயாணத்தின் ஒரு முனையாக வைத்துக்கொள்ளப் போகிறோம்.

அந்த வாசலுக்குத் தமிழர் வந்த கதையே ஒரு தூரக் கணக்குத்தான். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். சென்னை ராஜதானியின் படையோடு சிப்பாய்களும் வியாபாரிகளும் கைத்தொழிலாளரும் வந்து குடியேறினார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறக்குறைய 360 கிலோமீட்டர். மாட்டு வண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிரயாணத்திற்குப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் வரையில் ரயில் பாதை வந்தது. பன்னிரண்டு நாள் வழி ஓர் இரவுப் பிரயாணமாகச் சுருங்கிற்று. 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் அதை நாலரை மணி அளவிற்குக் குறைத்துவிட்டது. பூமியின் அளவு அப்படியேதான் இருக்கிறது. மனிதர் கடக்கும் நேரம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்படி வந்து வேரூன்றிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை கணினித் தொழிலை நாடிக் கலிபோர்னியாவுக்குச் சென்றது. ஸான் ஹோசே, ஸன்னிவேல், பிரிமாண்ட் முதலிய ஊர்களில் தமிழ்க் குரல் கேட்காத கடைத்தெரு இன்று அரிது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வயது முதிர்ந்த தாயும் தந்தையும்; ஸான் ஹோசேயில் மகனோ மகளோ. இந்த இரு வாசல்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு?

சுவரில் மாட்டிய உலகப் படத்தை முதலில் பார்ப்போம். அந்தத் தட்டையான படத்தில் பெங்களூரிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அடிகோல் வைத்துக் கோடு இழுத்தால், அது வங்காள விரிகுடாவைத் தாண்டி, பஸிபிக் சமுத்திரத்தின் குறுக்கே ஓடும். அந்தக் கோட்டின் வழியே சென்றால் 16,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்பொழுது படத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் பாடம் படிக்கும் பூகோள உருண்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலின் முனையைப் பெங்களூரில் வைத்து, மறு முனையை ஸான் பிரான்ஸிஸ்கோவில் வைத்து, நூலை இறுக்கிப் பிடித்தால் அது எங்கே போகிறது? சமுத்திரத்தை விட்டு விலகி வடக்கே ஏறுகிறது. இமயத்தையும் ஸைபீரியாவையும் கடந்து, 71-ஆவது அட்சரேகை வரையில் சென்று, பிறகு அலாஸ்கா பக்கமாக இறங்குகிறது. இந்த நூலின் நீளமே மிகக் குறுகிய வழி. அது ஏறக்குறைய 13,990 கிலோமீட்டர். பூமி தட்டையன்று, உருண்டை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பாடம் இங்கே 2,000 கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது!

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த இரு நகரங்களும் தீர்க்கரேகைக் கணக்கில் ஏறக்குறைய உருண்டையின் எதிர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதனால் நேரே வட துருவத்திற்குப் போய், அங்கிருந்து நேரே தெற்கே இறங்கினாலும் மொத்தம் 14,360 கிலோமீட்டர்தான் ஆகிறது. மிகக் குறுகிய வழியைக் காட்டிலும் 400 கிலோமீட்டர்கூட அதிகமில்லை. இதை ஏட்டுக் கணக்கு என்று எண்ணி விடலாகாது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனம் இந்த இரு நகரங்களுக்கிடையே நிற்காமல் பறக்கும் சேவையைத் தொடங்கியபோது, முதல் விமானம் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, வட துருவத்தின் வழியாகவே பெங்களூருக்கு வந்தது. போயிங் 777 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தை ஓட்டியவர்கள் அனைவரும் பெண்கள். காப்டன் ஜோயா அகர்வால் தலைமை வகித்தார். பாப்பகாரி தன்மயி, ஆகாங்ஷா ஸோனவரே, சிவானி மன்ஹாஸ் ஆகியோர் உடன் இருந்தனர்.

இனி நேரத்தைப் பார்ப்போம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 13,990-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்தரை மணிக்குச் சற்று மேல் வரும். ஆனால் விமானம் காற்றில் பறக்கிறது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் ஓடம் விடுகிறவனைக் கேட்டால் இதன் பொருளை நொடியில் சொல்லி விடுவான். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே கடுங்காற்று ஒன்று வீசுகிறது. குளிர் காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். வழி நெடுகிலும் 100 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், 14,000 கிலோமீட்டரைக் கடக்க 14 மணி போதும். அதே காற்று எதிர்த்து அடித்தால் பதினேழரை மணி வேண்டும். நடைமுறையில் முழு வழியும் ஒரே காற்று வீசுவதில்லை. ஆகையால் போகும்போது 16 மணி, திரும்பும்போது 17 மணி என்ற அளவில் கணக்கு நிற்கிறது. திரும்பி வருகிற விமானம் துருவத்தின் பக்கமாக ஏறுவதற்கு ஒரு காரணம், எதிர்க் காற்றின் தொல்லையை அங்கே குறைத்துக்கொள்ளலாம் என்பதே.

அடுத்ததாக, கடிகாரம் செய்யும் மாயத்தையும் கவனிக்க வேண்டும். குளிர் காலத்தில் கலிபோர்னியாவின் கடிகாரம் நம்முடையதற்குப் பதின்மூன்றரை மணி பின்தங்கி இருக்கிறது. கோடையில் பன்னிரண்டரை மணி. பெங்களூரில் பகல் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தவர், ஸான் பிரான்ஸிஸ்கோவில் அதே நாள் மாலை நாலரை மணிக்கு இறங்குகிறார். இரண்டரை மணியில் வந்து சேர்ந்தாற்போல் தோன்றும். திரும்பும்போது இந்தச் சலுகைக்கு வட்டியும் முதலுமாக வசூலாகி விடும். 2021-இன் அந்த முதல் விமானம் ஜனவரி 9-ஆம் தேதி இரவு எட்டரை மணிக்குப் புறப்பட்டது. பெங்களூரை அடைந்தது 11-ஆம் தேதி விடியற்காலையில். அதில் வந்தவர்களுக்கு 10-ஆம் தேதி என்ற நாள் ஏறக்குறைய முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்தது.

இத்தனை நேரம் நிற்காமல் பறப்பது எளிய காரியமன்று. 100 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை ஒரே மூச்சில் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். பெங்களூரோ கடல் மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். வெயில் வேளையில் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் கனமான விமானம் எழும்ப நீண்ட ஓடுபாதை தேவை. 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்தில் 4,000 மீட்டர் நீளமுள்ள பாதை அமைந்தது. அதற்கு முன்பு ஊருக்குள் ஹெச்.ஏ.எல். நிலையம் இருந்தது, ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்கு அது சுமார் 10 கிலோமீட்டர். புதிய நிலையமோ 30 கிலோமீட்டருக்கு மேல். ஸான் பிரான்ஸிஸ்கோ அருகில் வந்தது; விமான நிலையம் தொலைவில் போயிற்று!

வானத்திலும் வேலிகள் உண்டு. 2022-இல் உக்ரேன் யுத்தம் மூண்டபின் ரஷ்யா தன் வான் வழியை அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு அடைத்துவிட்டது. நமது நூல் ஸைபீரியாவின் மேலே செல்வதைச் சற்று முன் கண்டோம். அந்த வழி அடைபட்ட நிறுவனங்களுக்கு அந்த நூல் பயன்படாது. சுற்றித்தான் போக வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான் வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே செல்லும் பிரயாணங்கள் நீண்டன. மேலும், நிற்காமல் பறக்கும் நீண்ட சேவைகள் நிலையானவை என்றும் சொல்வதற்கில்லை. 2021-இல் தொடங்கிய பெங்களூர்ச் சேவை இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது. அப்பொழுதும் அது வாரத்தில் சில நாட்களே பறந்தது. எனவே, ‘நேர் விமானம் இருக்கிறது’ என்ற பேச்சை நம்பி இருந்துவிடாமல், அவ்வப்போது விசாரித்து அறிந்துகொள்வது நல்லது.

இப்பொழுது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். வாசலுக்கு வாசல் எத்தனை நேரம்?

குளிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை. ரிச்சர்ட்ஸ் டவுனில் விடியற்காலை 5 மணிக்குத் தந்தையார் காலமாகி விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணமே ஸான் ஹோசேயில் உள்ள மகளுக்குச் செய்தி போகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. அவள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, 50 கிலோமீட்டர் சாலைவழி சென்று, இரவு எட்டரை மணிக்கு விமானம் ஏறுகிறாள். நம் கடிகாரத்தில் அது திங்கள் காலை 10 மணி. 17 மணி நேரம் பறந்து, செவ்வாய் அதிகாலை 3 மணிக்குத் தரையிறங்குகிறாள். குடியேற்ற அதிகாரியிடம் முத்திரை பெற்று, வண்டி பிடித்து, வீட்டு வாசலில் கால் வைக்கும்போது மணி 5. மொத்தம் சரியாக 24 மணி. அதில் 17 மணி ஆகாயத்தில். 7 மணி தரையில். 2021-ஆம் ஆண்டின் புறப்பாட்டு நேரத்தை வைத்துச் செய்த இந்தக் கணக்கில், அன்றைய தினம் விமானம் உண்டு, இடமும் உண்டு, ஓர் இடையூறும் இல்லை என்று கொண்டோம். நேர் விமானம் இல்லாத நாளில் துபாயிலோ, பிராங்க்பர்ட்டிலோ, ஸிங்கப்பூரிலோ இறங்கி மாற வேண்டும். அப்பொழுது 30 மணி, 36 மணி என்றும் ஆகலாம்.

விமானச் சீட்டு சொல்லும் 17 மணிக்கும், வீட்டார் காத்திருக்க வேண்டிய 24 அல்லது 36 மணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். துயரத்தில் ஆழ்ந்த வீட்டில், ‘பதினேழு மணியில் வந்து விடுவாள்’ என்று யாராவது ஒருவர் சொல்லி விடுகிறார். மயானத்திற்கு நேரம் குறிக்கப்படுகிறது. உறவினர் ஊரூராக வந்து சேர்கிறார்கள். பிறகு ஒவ்வொரு மணியும் ஒரு யுகமாகிறது; அவளுக்காகக் காத்திருப்பதா, காரியத்தை நடத்தி விடுவதா என்று அண்ணனும் தம்பியும் உரக்கப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த ஒரு நாளில் பிறந்த மனக்கசப்பு ஆண்டுக்கணக்கில் தீராமல் இருப்பதும் உண்டு. கணக்கில் வந்த பிழை, பாசத்தில் வந்த குறையாகக் கருதப்பட்டு விடுகிறது.

இந்தத் துன்பம் நம் முன்னோர்களுக்கு இருந்ததில்லை. மாட்டு வண்டிக் காலத்தில் செய்தியும் மனிதனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பிரயாணம் செய்தார்கள். சென்னையில் நேர்ந்த மரணம் பெங்களூருக்குத் தெரிவதற்கே பல நாட்கள் ஆயின. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருக்கும். யாரும் காத்திருக்கவில்லை; யாரையும் குறை கூறவுமில்லை. தந்தி வந்தது, செய்தி மனிதனை முந்திக்கொண்டது. அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் விடை பெற்றுக்கொண்டது. இன்று செல்பேசியில் மறு கணமே குரல் கேட்கிறது, முகமும் தெரிகிறது. ஆனால் உடம்பு வந்து சேர ஒரு நாளோ, ஒன்றரை நாளோ ஆகிறது. செய்தியின் வேகத்திற்கும் மனிதனின் வேகத்திற்கும் நடுவே விழுந்திருக்கும் இந்த இடைவெளிதான் நம் காலத்தின் உண்மையான தூரம். கிலோமீட்டரில் இதை அளக்க முடியாது.

காத்திருப்பது பற்றி ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒவ்வொரு மரபு. ரிச்சர்ட்ஸ் டவுனையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். முஸ்லிம்கள் எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில் அடக்கம் செய்வதை முறையாகக் கொண்டவர்கள். கலிபோர்னியாவில் உள்ள பிள்ளை அதற்கு வந்து சேர்வது பெரும்பாலும் நடவாத காரியம். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஓரிரு நாள் காத்திருந்து, ஆராதனை வைத்து அடக்கம் செய்வது உண்டு. இந்துக் குடும்பங்களில் அன்றோ மறுநாளோ தகனம் நடப்பது வழக்கம். குளிர்ப் பெட்டியின் உதவியால் சிலர் இரண்டு நாள் வரையிலும் காத்திருக்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்று ஆராய்வது நம் நோக்கமன்று. எந்த மரபாயினும், 24 மணி என்ற உண்மைக் கணக்கை முன்கூட்டி அறிந்த வீட்டில், முடிவு செய்வது எளிதாகும் என்பதே சொல்ல வேண்டியது.

கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பாத நேயர்களும் இந்தக் கணக்கைத் தமக்குரியதாகக் கொள்ளலாம். டில்லியில் வாழும் தமிழர் ஒருவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால், 2,180 கிலோமீட்டரைக் கடந்து சென்னையை அடைய ஏறக்குறைய 33 மணி ஆகிறது. கல்கத்தாவிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிறவருக்கு 1,660 கிலோமீட்டர். சுமார் 26 மணி. அங்கிருந்து திருநெல்வேலியோ கும்பகோணமோ போக வேண்டியவருக்கு மேலும் ஓர் இரவு. ஸான் ஹோசேயிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்த மகள் அவர்களுக்கு முன்பே வீடு சேர்ந்து விடுகிறாள்! ரயிலில் வருகிறவர் அருகில் இருப்பவர் என்றும், விமானத்தில் வருகிறவர் தொலைவில் இருப்பவர் என்றும் எண்ணுவது எப்போதும் பொருந்தாது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? மூன்று காரியங்களைக் கூறலாம்.

முதலாவது, உங்கள் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையின் வீட்டு வாசல் வரையில் உள்ள நேரத்தை ஒரு முறை உண்மையாகக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நேர் விமானம் உள்ள நாளுக்கு ஒரு கணக்கு. இல்லாத நாளுக்கு ஒரு கணக்கு. விமானம் பறக்கும் நேரத்தோடு ஏழெட்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளத் தவற வேண்டாம்.

இரண்டாவது, வெளிநாட்டில் உள்ளவர்களின் பத்திரங்கள் என்றும் ஆயத்தமாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் காலம் முடிந்துவிட்டதா, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரானால் இந்தியா வருவதற்கான வெளிநாட்டு இந்தியர் அட்டையோ விசாவோ கையில் இருக்கிறதா, வேலை விசாவில் இருப்பவரானால் திரும்பிச் செல்ல அனுமதி முத்திரை செல்லுமா என்பவற்றை அவசரம் நேர்ந்த பிறகு பார்க்கத் தொடங்கினால், 24 மணி என்பது நாலைந்து நாட்களாகி விடும்.

மூன்றாவது, கேட்கச் சற்றுக் கடினமானது. பெற்றோரும் பிள்ளைகளும் உடல் நலத்தோடு இருக்கும் காலத்திலேயே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. ‘எனக்காகக் காத்திருக்க வேண்டும்’ என்று மகள் சொல்லலாம். ‘காத்திருக்க வேண்டாம், நான் உயிரோடு இருக்கும்போது ஒரு மாதம் வந்து என்னோடு இரு’ என்று தாய் சொல்லலாம். அருகில் உள்ள எந்த உறவினர், எந்த அண்டை வீட்டார் முதலில் வந்து நிற்பார் என்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளலாம். இதை அபசகுனம் என்று தள்ளிப்போடுகிற வீடுகளில்தான், நாம் முன்பு சொன்ன உரத்த பேச்சு எழுகிறது.

விமானங்களின் வேகம் இந்த அறுபது ஆண்டுகளில் பெரிதும் கூடிவிடவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஏர் இந்தியா 1960-இல் பறக்கவிட்ட போயிங் 707-உம் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில்தான் பறந்தது. இடையில் இறங்காமல் நெடுந்தூரம் பறக்கும் திறன் வளர்ந்தது. வேகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகையால் அந்த 24 மணி, நம் காலத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. குறைக்க முடியாததை முன்கூட்டி அறிந்து, அதற்கேற்ப வீட்டை ஒழுங்கு செய்துகொள்வது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை தொலைபேசியில் பிள்ளைகளோடு பேசும்போது, நலம் விசாரித்த பிறகு இந்தக் கணக்கையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.